முதுகு காட்டும் பறவைகள்

நவம்பர் 11, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பெயர் உலகம்மாள். வயது முப்பத்தாறு. சரக்கு ரயில் ஓட்டுகிறேன். ‘ஓட்டினேன்’ என்று எழுத மாட்டேன். இப்போது மருத்துவ விடுப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வளைவில் ஒருவன் தண்டவாளத்தில் நின்றான். ஹார்ன் அடித்தேன். அவசர பிரேக் போட்டேன். நிலக்கரி ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. உதவி ஓட்டுநர் ஜெபராஜ் வளைவு என்பதால் பின்பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் நான் மட்டும்தான் பார்த்தேன். அந்த ஆள் சாக வந்தான், செத்தான். இதில் என்னைச் சேர்ந்தது எதுவும் இல்லை.

சீக்கிரமே வேலைக்குத் திரும்பினேன். இரண்டாவது டிரிப்பில், பச்சை சிக்னலில், நேர்ப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டேன். முன்னால் ஆள் நிற்பது போல இருந்தது. இறங்கிப் பார்த்தால் வேலியில் சிக்கிய உரச் சாக்கு. யாருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் காத்துக் கிடந்ததாம். அதற்குத்தான் இந்த விடுப்பு. ஜனவரியில் மருத்துவக் குழு என்னைப் பார்த்துவிட்டு, ஓட்டலாமா கூடாதா என்று சொல்லும்.

டாக்டர் பெனாசிர் என்னைவிடச் சின்னப் பெண். மேலப்பாளையம். தூக்கம் எப்படி என்று கேட்டார்.

“நல்லா தூங்குதேன்.”

“மனசு கொஞ்சம் அமைதியாகணும்க்கா, அதுக்கு...”

“அமைதி வேண்டாம் டாக்டர். வண்டி வேணும்.”

சிரித்துவிட்டார். மேஜை டிராயரிலிருந்து பழைய பைனாகுலர் ஒன்றை எடுத்து நீட்டினார். “எங்க வாப்பாவோடது. ஏதாவது ஒரு குளத்துல போய் உக்காருங்க. ஒரே ஒரு பறவைய எடுத்துக்கிட்டு, அது போற வரைக்கும் அத மட்டும் பாருங்க. அது என்ன செய்யுதுன்னு எழுதுங்க. பாக்கும்போது உங்களுக்குள்ள என்ன நடக்குதுன்னும் எழுதுங்க.”

உள்ளே ஒன்றும் நடக்காது என்றேன். அப்படியானால் அதையும் எழுதச் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆலடிக்குளம். குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் போகலாம். பாதிக் குளம் நிறைந்திருக்கிறது. கரையில் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே தண்டவாளச் சத்தம் கேட்காது. அதற்காக வரவில்லை.

நீர்க்காகம் ஒன்று. பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது.

எனக்குள் நடந்தது: ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் மல்லித்தழை, தேங்காய். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மேகமூட்டம். வெயிலே இல்லை. வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று மடைக் கல்லில் உட்கார்ந்திருந்தது. முதுகு நீலம் என்கிறார்கள். அது நீலம் மட்டுமில்லை. தலையைத் தாழ்த்தித் தாழ்த்தித் தண்ணீரைப் பார்த்தது. நல்ல பார்வை. நானும் அப்படித்தான் சிக்னலைப் பார்ப்பேன். நெல்லை டிப்போவில் என் கண்ணுக்கு இணை கிடையாது என்று சொல்வார்கள்.

அது திரும்பி நேராக என்னைப் பார்த்தது. பைனாகுலரை இறக்கிவிட்டேன். கண்ணில் வெயில் அடித்தது.

வீட்டில் காபி டம்ளர் கைதவறி உடைந்தது. எண்ணெய்ப் பிசுக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

செல்லத்துரை அண்ணன் வந்தான். அண்ணன் மின்வாரியத்தில் இருக்கிறான், நாலு பேரைத் தெரியும் அவனுக்கு. கையில் பால்கோவா, வாயில் புத்திமதி.

“ஏளா, உனக்கு ஆபீஸ் சீட்டுக்குப் பேசியிருக்கேன். பத்து மணிக்குப் போயி அஞ்சு மணிக்கு வந்திரலாம். சம்பளம் கொஞ்சம் கொறையும், போகட்டும்.”

“நான் கேட்டேனா?”

“அன்னைக்கே சொன்னேன், இது பொம்பள பாக்குற வேலையான்னு. ரத்தத்தையும் சதையையும் பாத்துட்டு எந்தப் பொம்பளைக்குத்தான் மனசு தாங்கும்?”

“ரத்தத்துலயே கெடந்து உன்னப் பெத்துப்போட்டதும் பொம்பளைதாம்ணே. ரத்தத்த உனக்குத்தான் தாங்காது. ஊசி போட்டா மயங்கி விழுந்தது யாரு?”

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அடுப்படியில் சிரிப்பது கேட்டது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. போகும்போது அவரைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினான். என்ன பேசினான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பால்கோவாவை மகள் நிவேதா தின்று தீர்த்தாள்.

நவம்பர் 21, வியாழன்

டாக்டரிடம் எழுதியதைப் படித்துக் காட்டினேன். தாழைக்கோழி: சிவப்பு நெற்றி, வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறது. முக்குளிப்பான்: இங்கே மூழ்கி எங்கேயோ எழும்புகிறது, எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டித் தோற்றேன். நத்தைக்குத்தி நாரை: அலகு மூடாது, நடுவில் ஒரு சந்து.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்லா பாக்குறீங்கக்கா. ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?” என்றார். “எல்லாத்துக்கும் முதுகு இருக்கு, வால் இருக்கு, பக்கவாட்டு இருக்கு. ஒண்ணுக்காவது முகம் இல்லையே?”

“அடையாளம் தெரியறதுக்கு முதுகே போதும்.”

“போதும்தான்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருப்பதற்கும் படித்திருப்பார்கள் போல.

வழியெல்லாம் ஆத்திரமாக வந்தது. பெண்ணுக்கு இருபத்தொன்பது வயசு, என் உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்த நிவேதா பையை வைப்பதற்கு முன் கேட்டாள்: “யம்மா, நீ ஒரு ஆளக் கொன்னுட்டியாமே?”

நவம்பர் 27, புதன்

நேற்று அவளுக்குப் பதில் சொன்னேன். “அந்த ஆள் சாகணும்னு வந்து நின்னாரு. நான் கொல்லல.” அவள் சரி என்றாள். பிறகு, “ஏன் சாகணும்னு வந்தாரு?” என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? சோறு தின்னச் சொன்னேன்.

குளத்தில் ஏகப்பட்ட தகைவிலான்கள். அவை உட்காரவே இல்லை. முகமும் தெரியாது. வசதி.

நவம்பர் 29, வெள்ளி

மத்தியானம் வாசலில் ஒரு அம்மாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். மஞ்சள் பை. “இங்க ரயிலு ஓட்டுற பொம்பள வீடு எது?” என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றேன். சங்கரலிங்கம் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பேட்டரிக் கடையை அவர் இப்போதெல்லாம் அடிக்கடி மூடிவிட்டு வருகிறார், காரணம் கேட்டால் வியாபாரம் மந்தம் என்கிறார்.

“அவ ஊர்ல இல்லம்மா,” என்றார்.

“அவுக கிட்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும்யா. சண்ட போட வரல.”

“இல்லம்மா. போயிட்டு வாங்க.”

அந்த அம்மாள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். யாரென்று அவர் சொல்லவில்லை. தெரியாதா எனக்கு? அந்தப் பையனின் மூக்கு அப்படியே இருந்தது.

ஒரு மூட்டைத் துணி துவைத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

அந்த அம்மாள் குளக்கரைக்கே வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ.

நான் ஒரு மடையான் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் நிறத்தில் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. பறந்தால் முழுக்க வெள்ளை. கொஞ்சம் தள்ளி அவள் உட்கார்ந்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். நானாக எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நான் ஏன் போக வேண்டும்?

“எம் பேரு ஆவுடையம்மா,” என்றாள். “பாலமுகேஷுக்கு அம்ம.”

பெயரை நான் செய்தித்தாளில் பார்த்திருந்தேன். வாயால் சொல்லிக் கேட்டது இப்போதுதான்.

“பீடி சுத்துறேன். அவன் செல்போன் ரிப்பேர் கடையில வேல பாத்தான். அன்னைக்குக் காலையில நான் திட்டிட்டேன் தாயி. தங்கச்சிக்கு வச்சிருந்த பணத்துல கை வச்சிட்டான்னு. சோறு திங்காமப் போனான். ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ, மனசு ஒடிஞ்சு போயி நின்னுட்டான்னு. போலீஸ் ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. நீங்கதான் கடைசியா பாத்தியளாமே.”

நான் பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“அவன் சாகணும்னுதான் நின்னானா? அத மட்டும் சொல்லிருங்க. நான்தான் கொன்னேன்னா, கொன்னேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.”

“நின்னாம்மா,” என்றேன். “என்னப் பாத்துக்கிட்டு நின்னான். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது.”

தலையை ஆட்டினாள். எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். “சரி தாயி,” என்றாள். திட்டியிருக்கலாம். கரையில் அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். என்மேல் எந்தத் தப்பும் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

குளத்துக்குப் போகவில்லை. ஃபேன்களைத் துடைத்தேன். ஷெல்ஃபில் பேப்பர் மாற்றினேன். கிரைண்டர் கல்லைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

டிசம்பர் 4, புதன்

போகவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

“பைனாகுலர திருப்பிக் குடுத்துரட்டுமா?” என்று சங்கரலிங்கம் கேட்டார். டாக்டரைப் பார்க்க வேண்டாம், குளம் வேண்டாம், அண்ணன் சொல்கிற ஆபீஸ் சீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றார். கெஞ்சுவது போலத்தான் சொன்னார். “எனக்கு நீ முழுசா வேணும்டி, உலகு.”

“முழுசாத்தான் இருக்கேன்.”

“கண்ணாடியில பாத்தியா?”

பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. இருக்கட்டும். இந்த ஆபீஸ் சீட் என்கிற வார்த்தையை இந்த வீட்டில் இனி யாரும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பைனாகுலரை நான் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது என்றும்.

டிசம்பர் 9, திங்கள்

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்தது. குளம் நிறைந்து மடையைத் தாண்டப் பார்க்கிறது. நான் திரும்பி வந்துவிட்டேன். மன அமைதிக்காக அல்ல. அது என் இடம், நான் வருவேன்.

புதிதாக ஒரு விளையாட்டு. கூட்டமாக நிற்கும் கொக்குகளில் அடுத்துப் பறக்கப் போவது எது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் தப்பாகவே போயிற்று. முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பறக்கப் போகிற கொக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். காலைப் பார்க்க வேண்டும். பறப்பதற்குச் சற்று முன்னால் முட்டி இளகும். உடம்பு ஒரு பக்கம் சாயும். கழுத்து உள்ளே போகும். மதியத்துக்குள் பத்தில் ஏழெட்டைச் சரியாகச் சொன்னேன்.

எனக்குள் நடந்தது: சந்தோஷமாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம்?

டிசம்பர் 14, சனி

காலையில் நடந்ததை மாலையில்தான் எழுத முடிகிறது.

சாம்பல் நாரை ஒன்று, மடைக்குக் கீழே ஓரத் தண்ணீரில். நல்ல உயரம். முதுகு முழுக்கச் சாம்பல், கண்ணிலிருந்து தலைக்குப் பின்னால் போகும் கறுப்புக் கோடு. கரைமேல் ஒரு டிராக்டர் சத்தத்தோடு வந்தது. நாரை தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தது. மஞ்சள் கண்.

வழக்கமாக இறக்கிவிடுவேன். இன்று இறக்கவில்லை. ஏனென்றால் விளையாட்டு பாதியில் இருந்தது. இது பறக்குமா நிற்குமா என்று சொல்லியாக வேண்டும். அதனால் அதன் முகத்தையும் பார்த்தேன், காலையும் பார்த்தேன். முகம் என்னைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. ஆனால் முட்டி இளகியிருந்தது. பின்கால் விரல்நுனியில் நின்றது. உடம்பு எதிர்க்கரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. முகம் இங்கே இருந்தது, உடம்பு ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

பறந்தது.

பைனாகுலர் மார்பில் தொங்கியது. நான் கரையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த அந்த வளைவை மனசுக்குள் மறுபடி பார்த்தேன்.

அவன் நிற்கவில்லை.

இவ்வளவு நாளும் எனக்கு ஞாபகம் இருந்தது அந்த முகம் மட்டும்தான். காதில் வயர். ஹார்ன் சத்தத்தில் திரும்பிய முகம். அது என்னைப் பார்த்தது, அதனால் நின்றான் என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். ஆனால் அவன் வலது கால் தண்டவாளத்துக்கு வெளியே ஜல்லியில் ஊன்றியிருந்தது. இடது குதிகால் தூக்கியிருந்தது. தோள் முள்செடிப் பக்கம் இறங்கியிருந்தது. ஒரு கை முன்னால் வந்துவிட்டது. முகம் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அவன் தாவப் போனான். வண்டி முந்திவிட்டது.

சாக வந்தான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிவேதாவிடம் சொன்னேன். அந்த அம்மாளிடம் சொன்னேன். அதைச் சொன்னால் எனக்கு நிற்க ஒரு இடம் இருந்தது. அவன் வாழ வேண்டும் என்று தாவினான் என்றால், தாவும்போது கடைசியாகப் பார்த்தது என்னை.

குளக்கரையில் அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஆடு மேய்த்த ஒருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் ஓட்டிப் போனார். பார்க்கட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

சங்கரலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தான். அவனிடமும் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது?

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கொக்கப் பாத்து ஞாபகம் வந்துச்சுன்னு ஆபீசர்மாருட்ட சொல்லுவியா? கேஸு முடிஞ்சு போச்சு. தற்கொலன்னு மூடிட்டாவ. நீ போயி இல்லன்னு எழுதிக் குடுத்தா மறுபடி எல்லாத்தையும் தோண்டுவாவ. வேகம் என்ன, ஹார்ன் எப்ப அடிச்ச, பிரேக் எப்ப போட்டன்னு.”

“தோண்டட்டும். எல்லாம் இன்ஜின்ல பதிவாகியிருக்கு. நான் செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கேன்.”

“மருத்துவக் குழுவுல உனக்குப் பைத்தியம்னு எழுதிருவாவ!”

“எழுதுனா அத எதுத்துப் போராடுவேன்.”

“யாருக்காக இது? செத்தவன் திரும்பி வருவானா?”

“அந்தம்மா தெனம் காலைல எந்திரிச்சு, ‘நான்தான் எம் பிள்ளையக் கொன்னேன்’னு பீடி சுத்துறாவண்ணே. அது பொய். அந்தப் பொய்யக் குடுத்தது நான்.”

அண்ணன் சங்கரலிங்கத்தைப் பார்த்தான். “மாப்ள, நீராவது சொல்லும்.”

என் வீட்டுக்காரர் பைக் சாவியை எடுத்தார். “எந்த ஊருன்னு தெரியுமாட்டி?” என்று என்னைக் கேட்டார்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஞாயிறன்று பாதி வழியில் பைக்கைத் திருப்பச் சொல்லிவிட்டேன். இன்று போனோம். அந்த வளைவில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் பஸ் நிறுத்தமும் கடைகளும். குறுக்கு வழியில் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். அவனும் தினமும் அப்படித்தான் வேலைக்குப் போயிருக்கிறான்.

ஆவுடையம்மாள் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீர் கொண்டு வந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். சங்கரலிங்கம் வெளியிலேயே நின்றார்.

“அன்னைக்கு உங்ககிட்ட நான் சொன்னது தப்பும்மா. அவன் நிக்கல. காதுல பாட்டு கேட்டுக்கிட்டு தாண்டியிருக்கான். ஹார்ன் கேட்டுத் திரும்புனான். திரும்புன உடனே வெளிய தாவப் பாத்தான். ஒரு கால் வெளிய வச்சிட்டான்.”

அவள் கை இலையை உருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

“தாவுனானா?”

“தாவுனான்.”

“அப்ப நீ ஏன் நிறுத்தல?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஞாயிறன்று திரும்பினேன். “பிரேக் போட்டேம்மா. மொத்தமா போட்டேன். அவ்வளவு பாரம் அவ்வளவு தூரத்துல நிக்காது. நின்னிருந்தா நல்லாருக்கும்னு தெனம் நெனைக்கேன்.”

“அவன் மொகம் எப்படி இருந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். சிரித்த முகமாக இருந்தான் என்றோ, ஒன்றும் தெரியாமல் போய்விட்டான் என்றோ. மகள் சுவரோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயந்துட்டாம்மா. ஒரு நொடி. ரொம்பப் பயந்துட்டான்.”

முறம் சரிந்து தூள் தரையெல்லாம் கொட்டியது. அவள் என் தோளில் அடித்தாள், இரண்டு முறை, மூன்று முறை. நான் நகரவில்லை. பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பயந்தானா எம் பிள்ள... பயந்தானா...” என்று அழுதவள், அழுகைக்கு நடுவில் மகளைப் பார்த்துச் சொன்னாள்: “ஏட்டி, கேட்டியா? உங்க அண்ணன் பயந்திருக்கான். உயிரு வேணும்னுதான பயப்படுவாவ? சாகப் போறவன் பயப்படுவானா?”

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆவுடையம்மாள் அவர்களைப் பார்த்துக் கத்தினாள்: “எம் பிள்ள தூக்குல தொங்குனவன் மாதிரி பேசுனியளே. வந்து கேளுங்க. இந்தா பாத்தவ நிக்குதா.”

நான் நின்றேன். எல்லோருக்கும் மறுபடி ஒரு முறை சொன்னேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

ரயில்வே போலீசில் கூடுதல் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கிய ஏட்டு இரண்டு முறை, “நல்லா யோசிச்சிட்டீங்களாம்மா?” என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன்.

டாக்டர் பெனாசிரிடம் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது, மறைக்கப் பார்த்தார். “இந்த மாதிரி ஆகும்னு நான் நெனைக்கவே இல்லக்கா. வெறுமனே கொஞ்சம் நிதானம் வரும்னுதான்...”

“உங்களுக்குத் தெரியாமத்தான் சொன்னியளா?”

“ஆமா.”

அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

தூக்கம் எப்படி என்று கேட்டார். முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். அக்டோபரிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. இப்போதும் தூக்கம் வரவில்லை. ஆனால் இப்போது எதனால் வரவில்லை என்று தெரிகிறது.

ஜனவரி 1, புதன்

பட்டைத்தலை வாத்துகள்! மடைக்கு எதிர்க்கரையில் ஒரு கூட்டம். நிவேதாவைக் கூட்டிப்போனேன். பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாத்தெல்லாம் எறும்பாகிவிட்டது என்றாள். நேராகத் திருப்பிக் கொடுத்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். “யம்மா, அதுக்கு மொகத்துல கோடு போட்டிருக்கு!”

ஜனவரி 7, செவ்வாய்

மருத்துவக் குழு. மூன்று பேர். இரண்டு டாக்டர்கள், ஒரு இயக்கப் பிரிவு அதிகாரி. நான் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திப் போனேன்.

இதயம், கண், நிறம் பார்த்தல், எல்லாம் முடிந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிறகு அதிகாரி என் புதிய வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார்.

“இத எதுக்கும்மா இப்ப குடுத்தீங்க? உங்களுக்கு இதனால என்ன லாபம்?”

“லாபம் இல்ல சார். முதல்ல சொன்னது தப்பு. தெரிஞ்ச பிறகு திருத்தினேன்.”

“அப்ப உங்க பார்வையிலேயே உங்களுக்கு நிச்சயம் இல்லன்னு நாங்க எடுத்துக்கலாமா?”

அண்ணன் பயந்தது இதைத்தான். “இல்ல சார். நான் பாத்தது சரி. பாத்ததுல பாதிய எடுத்துப் பாக்கத் துணிச்சல் இல்லாம இருந்தது. இப்ப இருக்கு.”

அந்தச் சாக்குப்பை விஷயத்தைக் கேட்டார்கள். ஆமாம், நிறுத்தினேன், தப்புதான் என்றேன். அப்போது அந்த முகம் எங்கே பார்த்தாலும் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது, ஆனால் அது யாருடைய முகம் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் சாக்கில் அதைத் தேட வேண்டியதில்லை. நான் இப்படித்தான் சொன்னேன். டாக்டர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்தினார். “இருபது வருஷம் நானும் ஓட்டினவன்மா. எனக்கும் ரெண்டு தடவ நடந்திருக்கு. ஒரு யோசனை சொல்றேன். மறுபடி அந்த மாதிரி ஒரு நிலைமை வந்தா, ஹார்ன் அடி, பிரேக் போடு, உன்னால ஆனது முடிஞ்சதும் கண்ண மூடிக்கோ. நாங்க எல்லாரும் அப்படித்தான் தப்பிச்சோம்.”

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“மூட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“அந்த நேரத்துல அந்த ஆளப் பாக்கறதுக்கு உலகத்துல வேற யாரும் இல்ல. நானும் மூடிக்கிட்டா, அவங்க வீட்டுல வந்து கேக்கறவங்களுக்கு யார் சொல்றது?”

வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் ரொம்ப நேரம். மரத்தில் ஒரு கரிச்சான் இருந்தது. நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகுதி உண்டு. முதல் சில டிரிப்புகளுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் கூட வருவார்.

அண்ணனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. சங்கரலிங்கம் கடையைத் திறந்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேட்டரித் தண்ணீரைக் கையில் கொட்டிக்கொண்டார். “டிபன் எத்தன மணிக்கு வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 20, திங்கள்

டியூட்டி. காலை வண்டி. ஜெபராஜ் எனக்கு முன்பே வந்து இன்ஜினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகொடுத்தான், இரண்டு கையாலும் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்னால் சின்னப் புத்தகத்தோடு நின்றார்.

முதல் சிக்னலின் நிறத்தை இரண்டு முறை சொன்னேன். இரண்டாவதில் ஒரு முறை போதுமாக இருந்தது. வேலி, பனை, மின்கம்பம், ஆடு, எல்லாவற்றையும் அதுஅதுவாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த வளைவு வருவதற்கு முன்னால் ஹார்னில் கை வைத்தேன். நீளமாக அடித்தேன்.

“இங்க எதுக்கும்மா?” என்றார் இன்ஸ்பெக்டர். “ஹார்ன் அடிக்கச் சொல்ற போர்டு இல்லையே.”

“தெரியும் சார்.”

“பின்ன?”

“ஆளுங்க நடக்குற இடம் சார்.”

அவர் புத்தகத்தில் ஏதோ எழுதுவது தெரிந்தது. எழுதிக்கொள்ளட்டும். வளைவு முடியும்வரை கையை எடுக்கவில்லை.